மூன்றாம் தசம இடத்தில் ஒளிந்திருந்த வாயு



எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியுடன் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை நீங்களும் செய்திருப்பீர்கள். முதலாண்டு மாணவர்கள் இச்சோதனையைச் செய்து முடித்து, பதிவேடுகளைத் திருத்துவதற்காக என் மேசைமீது அடுக்கியிருந்தார்கள். மொத்தம் 25 பதிவேடுகள். அவற்றுள் 24-இல் விடை 979, 980, 981 என்று பாடநூலில் உள்ளபடியே அழகாக அமைந்திருந்தது. ஒன்றில் மட்டும் 962 என்று இருந்தது.

அந்தப் பதிவேட்டுக்குரிய மாணவியை அழைத்துக் கேட்டேன். "எனக்கு வந்தது இதுதான் சார். மூன்று முறை செய்து பார்த்தேன். மாற்றி எழுதிவிடச் சொன்னார்கள், மனம் வரவில்லை" என்றாள். தலை குனிந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

எனக்கோ வெட்கமாக இருந்தது. காரணம், அவள் வயதில் நானும் ரப்பரை எடுத்து அழித்தவன்தான். விடை 'சரியாக' வர வேண்டுமானால் அலைவு நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்கிட்டு, அந்த எண்ணை அட்டவணையில் நிரப்பியிருக்கிறேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த 962 என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், தமக்கு வந்த ஒரு பொருந்தாத எண்ணை அழிக்க மறுத்த ஓர் இயற்பியல் அறிஞரின் வரலாற்றைப் பார்ப்போம். வேதியியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று அந்த மறுப்பிலிருந்துதான் பிறந்தது.

வாயுவை ஏன் எடை போட வேண்டும்?

1815-ஆம் ஆண்டில் வில்லியம் பிரௌட் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு கருத்தை வெளியிட்டார். தனிமங்களின் அணு எடைகள் யாவும் ஹைட்ரஜனின் அணு எடையின் முழு மடங்குகளாக இருக்கின்றன. ஆகவே எல்லாத் தனிமங்களும் ஹைட்ரஜனால் ஆனவையாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். இது உண்மையானால் ஆக்ஸிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப்போல் மிகச் சரியாக 16 மடங்கு இருக்க வேண்டும். உண்மையில் 16-ஆ, அல்லது 15.9-ஆ? துல்லியமாக எடை போட்டாலன்றி இதற்கு விடை கிடைக்காது.

இப்பணியை 1880-களில் மேற்கொண்டவர் ராலே பிரபு. இவருடைய இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்டிரட், 1842-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மாக்ஸ்வெல்லுக்குப் பிறகு கேவண்டிஷ் பேராசிரியராக 1879 முதல் 1884 வரை பணிபுரிந்தார். பின்னர் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் டெர்லிங் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். வானம் ஏன் நீல நிறமாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் தந்தவரும் இவரே.

வாயுவை எடை போடுவது எளிதன்று. ஏறக்குறைய 1.8 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி எடை போட வேண்டும். பிறகு கோளத்தைப் பனிக்கட்டியில் வைத்து, 0 டிகிரி வெப்பநிலையில், குறிப்பிட்ட அழுத்தத்தில் வாயுவை நிரப்பி மீண்டும் எடை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வாயுவின் எடை. அது 2 கிராமுக்குச் சற்றே கூடுதல்தான். கண்ணாடியின் எடையோ அதைப்போல் பல மடங்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரில் மூழ்கிய குடத்தைத் தண்ணீர் மேலே தள்ளுவதுபோல, சுற்றியுள்ள காற்றும் கோளத்தை மேலே தள்ளுகிறது. காற்றின் அடர்த்தி வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மாறுவதால் இந்தத் தள்ளுவிசையும் நாளுக்கு நாள் மாறும். இதைச் சமன் செய்ய, தராசின் மறு பக்கத்தில் அதே பருமனுள்ள மற்றொரு மூடிய கோளத்தைத் தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தும் ஒரு பிழை எஞ்சி நிற்பதை ராலே கவனித்தார். காற்று வெளியேற்றப்பட்ட கோளம் வெளியழுத்தத்தால் மிக மிகச் சிறிதளவு சுருங்குகிறது. சுருங்கினால் அது விலக்கும் காற்றின் அளவு குறைகிறது; எடை மாறுகிறது. அவருக்கு முன் வாயுக்களை எடையிட்டுப் புகழ்பெற்ற ரெனோ இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ராலே அதையும் அளந்து திருத்தினார்.

பல ஆண்டு உழைப்புக்குப் பின் ஆக்ஸிஜனுக்கு ராலே கண்ட எண் 15.88. அது 16 அன்று. பிரௌட்டின் ஊகம் அவர் சொன்ன வடிவில் நிற்கவில்லை. அடுத்து அவர் நைட்ரஜனை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நைட்ரஜன்கள்

நைட்ரஜனைப் பெற அவர் முதலில் கையாண்ட முறை இது. காற்றை அம்மோனியாக் கரைசல் வழியே குமிழியிடச் செய்து, பிறகு செஞ்சூட்டிலுள்ள தாமிரத்தின்மீது செலுத்தினார். அம்மோனியாவிலுள்ள ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராகிவிடும். எஞ்சுவது நைட்ரஜன். பல முறை எடையிட்டார். விடைகள் ஒன்றுக்கொன்று நன்றாக ஒத்திருந்தன. வேறு யாராக இருந்தாலும் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள்.

ராலே நிறுத்தவில்லை. ஒரே முறையில் வரும் விடைகள் தம்முள் ஒத்திருப்பது மட்டும் போதாது. அம்முறையிலேயே ஒரு பிழை இருந்தால் எல்லா விடைகளிலும் அதே பிழை இருக்குமல்லவா? ஆகவே சரிபார்ப்பதற்காகப் பழைய முறையையும் செய்து பார்த்தார். அம்மோனியா இல்லாமல், காற்றை நேரே செஞ்சூட்டுத் தாமிரத்தின்மீது செலுத்தினார். தாமிரம் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு ஆக்ஸைடாகிவிடும். எஞ்சுவது நைட்ரஜன்.

இம்முறையிலும் விடைகள் தம்முள் ஒத்திருந்தன. ஆனால் முதல் முறையின் விடையோடு ஒத்திருக்கவில்லை. இரண்டாம் முறையில் கிடைத்த நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது.

ஆயிரத்தில் ஒரு பங்கு! நம் ஊசல் சோதனையில் 980-க்குப் பதில் 981 வருவது போன்றது. இரண்டின் சராசரியை எடுத்து எழுதிவிட்டால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சராசரி இரண்டு வாயுக்களில் எதற்கும் உரியதாக இருந்திருக்காது.

இந்த இடத்தில் ராலே செய்ததை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். பொருந்தாத ஒன்று தென்பட்டால் அதை எப்படியாவது குறைத்துவிடவே நம் மனம் விரும்பும். அவரோ அந்த வேறுபாட்டைப் பெரிதாக்க முயன்றார். எப்படி?

அம்மோனியா முறையில் கிடைக்கும் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்து வருவதன்று. பெரும்பகுதி காற்றிலிருந்தே வருகிறது. ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் அம்மோனியாவிலிருந்து வருகிறது. இந்த ஒரு பங்குதான் வேறுபாட்டுக்குக் காரணமென்றால், முழு நைட்ரஜனையும் அம்மோனியாவிலிருந்தே பெற்றால் வேறுபாடு ஏறக்குறைய ஏழு மடங்காக வேண்டும். ஆகவே காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்ஸிஜனை அம்மோனியாவின் வழியே செலுத்தினார். வேறுபாடு உண்மையிலேயே பெருகியது. ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது இப்போது இருநூறில் ஒன்றாயிற்று.

இனி இதைத் தராசின் பிழை என்று தள்ள முடியாது. 1892 செப்டம்பர் 29 அன்று 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. இரண்டு வழிகளில் பெற்ற நைட்ரஜனின் அடர்த்தி வேறுபடுவது தம்மைத் திகைக்க வைக்கிறதென்றும், வேதியியல் வாசகர்கள் காரணம் கூறினால் நன்றியுடையவனாவேன் என்றும் ராலே அதில் எழுதியிருந்தார். அன்றைய உலகின் தலைசிறந்த இயற்பியலாருள் ஒருவர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று எல்லோரும் படிக்கும் இதழில் எழுதினார்.

குற்றவாளியைத் தேடுதல்

கடிதத்திற்குப் பயனுள்ள விடை எதுவும் வரவில்லை. ராலே தாமே ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார்.

முதல் ஐயம்: அம்மோனியாவிலிருந்து வந்த நைட்ரஜனில் சிறிது ஹைட்ரஜன் கலந்து அதை இலேசாக்குகிறதா? இதை அறிய, நைட்ரஜனில் வேண்டுமென்றே ஹைட்ரஜனைக் கலந்து, அதே கருவிகளின் வழியே செலுத்தினார். சூடான தாமிர ஆக்ஸைடு அந்த ஹைட்ரஜன் முழுவதையும் நீக்கிவிட்டது. ஆகவே ஹைட்ரஜன் குற்றவாளி அன்று.

இரண்டாம் ஐயம்: இலேசான நைட்ரஜனில் சில மூலக்கூறுகள் ஒற்றை அணுக்களாகப் பிரிந்து கிடக்கின்றனவா? அப்படியானால் அவை நாளடைவில் மீண்டும் இணைந்துவிட வேண்டும். அந்த வாயுவை எட்டு மாதம் மூடி வைத்திருந்து மீண்டும் எடையிட்டார். மாற்றம் சிறிதும் இல்லை.

மூன்றாம் ஐயம்: இந்த விந்தை அம்மோனியாவுக்கு மட்டும் உரியதா? இதற்காக நைட்ரஜனை வெவ்வேறு சேர்மங்களிலிருந்து பெற்று எடையிட்டார். ஒரே கோளத்தில் நிரம்பிய நைட்ரஜனின் எடையைப் பாருங்கள்.

காற்றிலிருந்து:
சூடான தாமிரத்தால் பெற்றது – 2.3103 கிராம்
சூடான இரும்பால் பெற்றது – 2.3100 கிராம்
இரும்பு ஹைட்ராக்ஸைடால் பெற்றது – 2.3102 கிராம்

சேர்மங்களிலிருந்து:
நைட்ரிக் ஆக்ஸைடு – 2.3001 கிராம்
நைட்ரஸ் ஆக்ஸைடு – 2.2990 கிராம்
அம்மோனியம் நைட்ரைட் – 2.2987 கிராம்

இந்த எண்களை ஒரு நிமிடம் உற்று நோக்குங்கள். காற்றிலிருந்து எந்த வழியில் பெற்றாலும் 2.310 வருகிறது. சேர்மம் எதுவானாலும் 2.300-ஐ ஒட்டியே வருகிறது. இடையே ஏறக்குறைய 11 மில்லிகிராம் வேறுபாடு. ராலேயின் தராசில் ஏற்படக்கூடிய பிழையோ ஒரு மில்லிகிராமின் சிறு பகுதிதான். லிட்டருக்கு என்று கணக்கிட்டால், காற்று நைட்ரஜன் 1.257 கிராம், சேர்ம நைட்ரஜன் 1.250 கிராம். மூன்றாம் தசம இடத்தில் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது.

சேர்ம நைட்ரஜனை இலேசாக்குவது எது என்றே அதுவரை தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது கேள்வி மாறியது. காற்று நைட்ரஜனைக் கனமாக்குவது எது?

நூறாண்டுக்கு முந்திய ஒரு குமிழி

இதற்கு விடை 1785-ஆம் ஆண்டிலேயே ஒருவர் கையில் கிடைத்திருந்தது. அவர் ஹென்றி கேவண்டிஷ். நீர் ஒரு தனிமம் அன்று, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது என்று காட்டும் சோதனைகளைச் செய்தவர். பெருஞ்செல்வர், ஆனால் மனிதர்களைக் கண்டாலே கூச்சப்படுபவர். வீட்டுப் பணிப்பெண்களிடம்கூடப் பேசாமல் சீட்டெழுதி வைத்துவிடுவாராம்!

காற்றிலுள்ள நைட்ரஜன் முழுவதும் ஒரே பொருள்தானா என்று கேவண்டிஷ் ஐயுற்றார். ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றையும் ஆக்ஸிஜனையும் அடைத்து, அதனுள் மின்பொறிகளைப் பாய்ச்சினார். மின்பொறியில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி ஆக்ஸைடுகளாகும். அவற்றைக் காரக் கரைசல் உறிஞ்சிவிடும். வாயு குறையக் குறைய மேலும் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டே சென்றார். இறுதியில் மிஞ்சிய ஆக்ஸிஜனையும் நீக்கினார். அதன் பின்னும் ஒரு சிறு குமிழி எஞ்சி நின்றது. எவ்வளவு மின்பொறி பாய்ச்சியும் அது மறையவில்லை. அது தொடக்கத்தில் இருந்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாது என்று கேவண்டிஷ் தம் கட்டுரையில் எழுதி வைத்தார்.

அந்தக் குமிழி என்னவென்று அவரால் அறிய முடியவில்லை. ஒரு பொருளின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதை இனங்காணும் நிறமாலை முறை அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் எஞ்சிய குமிழியை "இல்லை" என்று அவர் எழுதவில்லை. அந்த வரியோ நூறாண்டுக்கு மேல் யாருடைய கவனத்தையும் ஈர்க்காமல் கிடந்தது.

ராம்சே வருகிறார்

1894 ஏப்ரல் மாதம் லண்டன் ராயல் சங்கத்தில் ராலே தம் எண்களை எடுத்துரைத்தார். அதைக் கேட்டவர்களுள் வில்லியம் ராம்சேயும் ஒருவர். 1852-இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். காற்று நைட்ரஜனில் கனமான வேறொரு வாயு கலந்திருக்கலாம் என்று கருதிய அவர், அதைத் தேடிப் பார்க்க ராலேயின் இசைவைப் பெற்றார்.

ராம்சே கையாண்ட பொருள் மெக்னீசியம். மெக்னீசியத்தை நன்கு சூடேற்றினால் அது நைட்ரஜனுடன் கூடி மெக்னீசியம் நைட்ரைடு என்ற திண்மமாகிவிடும். காற்று நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின்மீது முன்னும் பின்னுமாகப் பலநாள் செலுத்தினார். வாயுவின் பருமன் குறைந்துகொண்டே வந்தது. அடர்த்தியோ கூடிக்கொண்டே வந்தது. ஹைட்ரஜனை 1 என்று கொண்டால் நைட்ரஜனின் அடர்த்தி 14. அது 15, 16 என்று ஏறி, 19-ஐத் தாண்டி, இறுதியில் ஏறக்குறைய 20-இல் நின்றது. மெக்னீசியத்தால் அதற்குமேல் எதையும் பற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்த வாயுவை ஒரு குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சி நிறமாலையைப் பார்த்தபோது, அதுவரை அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் உரியதல்லாத சிவப்பு, பச்சைக் கோடுகள் தெரிந்தன. அதே வேளையில் ராலே தம் வீட்டு ஆய்வுக்கூடத்தில் கேவண்டிஷின் மின்பொறிச் சோதனையைப் பெரிய அளவில் மீண்டும் செய்து, அதே வாயுவைப் பெற்றார். இரண்டு வழிகள், ஒரே முடிவு.

1894 ஆகஸ்ட் 13 அன்று, ஆக்ஸ்போர்டில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகக் கூட்டத்தில் இருவரும் சேர்ந்து இதை அறிவித்தனர். எந்தப் பொருளோடும் கூடாத வாயு என்பதால், 'சோம்பேறி' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்ற பெயர் பிறந்தது.

ஒலி சொன்ன செய்தி

எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. மூன்று ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்து ஓசோன் ஆவதுபோல, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இது இருக்கலாம் என்று சிலர் கூறினர். ஆவர்த்தன அட்டவணையை வகுத்த மெண்டலீவும் முதலில் அவ்வாறே கருதினார். காரணம், அவருடைய அட்டவணையில் இப்படியொரு தனிமத்துக்கு இடமே இல்லை.

இதைத் தீர்க்க உதவியது ஒலி. வாயுவில் ஒலியின் வேகம், அழுத்தம், அடர்த்தி ஆகியவற்றிலிருந்து அந்த வாயுவின் இரு தன்வெப்பங்களின் விகிதத்தைக் கணக்கிடலாம். மேல்வகுப்புகளில் நீங்கள் இதைப் படிப்பீர்கள். மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருந்தால் இவ்விகிதம் 1.4 ஆகும். ஓரணு மூலக்கூறானால் 1.67 ஆகும். இரண்டணு மூலக்கூறு சுழலவும் கூடும் என்பதால் வெப்பத்தின் ஒரு பகுதி அந்தச் சுழற்சிக்குப் போய்விடுகிறது. ஓரணு வாயுவில் அந்தச் செலவு இல்லை. ஆர்கானில் ஒலியின் வேகத்தை அளந்தபோது விகிதம் 1.66 அளவில் வந்தது. ஆகவே ஆர்கான் ஓரணு வாயு. மூன்று நைட்ரஜன் அணுக்களின் சேர்க்கையாக இருக்கவே முடியாது.

அப்படியானால் அணு எடை ஏறக்குறைய 40. இங்கே இன்னொரு சிக்கல் எழுந்தது. பொட்டாசியத்தின் அணு எடை 39.1. எடை வரிசைப்படி வைத்தால் ஆர்கான் பொட்டாசியத்துக்குப் பின்னால் வர வேண்டும். குணங்களின்படி பார்த்தால் முன்னால் வர வேண்டும். 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு, தனிமங்களை வரிசைப்படுத்துவது அணு எடை அன்று, அணு எண் என்று காட்டிய பிறகே இது தெளிவாயிற்று. ஆர்கான் 18, பொட்டாசியம் 19.

ஒரு குடும்பமே வெளிப்பட்டது

அட்டவணையில் ஒரு புதிய தனிமம் தனியே நிற்க முடியாது. அதற்கு உறவினர்கள் இருக்க வேண்டும். ராம்சே அவர்களைத் தேடினார். முதலில் அகப்பட்டது ஹீலியம். இதன் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு.

1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வானியலார் போக்சனும் சூரியனின் விளிம்பிலிருந்து எழும் சுவாலைகளின் நிறமாலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர், கிரகணம் இல்லாமலேயே அச்சுவாலைகளை ஆராய்ந்து, அவற்றிலுள்ள மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுடன் பொருந்தவில்லை என்று கண்டார். சூரியனில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்ட அந்தத் தனிமத்துக்குக் கிரேக்க மொழியில் சூரியனைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹீலியம் என்று பெயர் வந்தது.

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1895 மார்ச்சில், கிளீவைட் என்ற யுரேனியத் தாதுவிலிருந்து வரும் வாயுவை ராம்சே ஆராய்ந்தார். அதில் அவர் கண்டது அந்த மஞ்சள் கோட்டையே! அமெரிக்க வேதியியலார் ஹில்லபிராண்ட் இத்தகைய தாதுவிலிருந்து ஒரு வாயுவை முன்னரே பெற்றிருந்தார். ஆனால் அதை நைட்ரஜன் என்று முடிவு செய்துவிட்டார். ஹீலியத்தைக் கையில் வைத்திருந்தும் அவர் நழுவவிட்டார்.

1898-இல் ராம்சேயும் அவருடைய உதவியாளர் டிராவர்ஸும் திரவக் காற்றைச் சிறிது சிறிதாகக் கொதிக்கவிட்டு, ஒரே கோடையில் மூன்று தனிமங்களைக் கண்டுபிடித்தனர்: கிரிப்டான், நியான், செனான். 'மறைந்திருப்பது', 'புதியது', 'அந்நியன்' என்பன இப்பெயர்களின் பொருள். பத்து லட்சம் பங்கு காற்றில் நியான் 18 பங்கு; கிரிப்டான் சுமார் ஒரு பங்கு; செனான் அதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மெண்டலீவும் தம் அட்டவணையில் இக்குடும்பத்துக்குத் தனிப் பத்தி ஒதுக்கினார்.

1904-ஆம் ஆண்டு நோபல் பரிசுகளில் இயற்பியல் பரிசு ராலேக்கும், வேதியியல் பரிசு ராம்சேக்கும் வழங்கப்பட்டன.

நம்மைச் சுற்றி எவ்வளவு?

காற்றில் ஆர்கான் 0.93 விழுக்காடு. கரியமில வாயு 0.04 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். அதாவது, எல்லோரும் அறிந்த கரியமில வாயுவைப்போல் இருபது மடங்குக்கு மேல் ஆர்கான் இருக்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள உங்கள் வீட்டு அறையில் சுமார் 260 லிட்டர் ஆர்கான் உள்ளது. 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 17 குடம்! இவ்வளவு இருந்தும் அது எதனோடும் கூடாததால் யார் கண்ணிலும் படவில்லை.

இத்தனை ஆர்கான் எங்கிருந்து வந்தது? பாறைகளிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பகுதி, 40 என்ற நிறை எண்ணுடைய கதிரியக்க வகை. அது 125 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. அவ்வாறு சிதையும் அணுக்களில் பத்தில் ஒரு பங்கு ஆர்கான்–40 ஆக மாறுகிறது. நம் காற்றிலுள்ள ஆர்கானில் 99.6 விழுக்காடு இந்த வகைதான். பொட்டாசியத்தில் பெரும்பகுதி நிறை எண் 39 உடையது. ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனமாக இருந்து அறிஞர்களைக் குழப்பியதற்குக் காரணம் இதுவே.

நகரங்களில் 'ஆர்கான் வெல்டிங்' என்ற பலகையை நீங்கள் பார்த்திருக்கலாம். சூடான உலோகத்தைக் காற்றின் ஆக்ஸிஜன் தாக்காமல் காப்பது அந்தச் சோம்பேறி வாயுதான். முழுச் சோம்பேறி என்றும் இப்போது சொல்வதற்கில்லை. 1962-இல் பார்ட்லெட் செனானைச் சேர்மமாக்கினார். 2000-ஆம் ஆண்டில் பின்லாந்து அறிஞர்கள் தனிச்சுழியை நெருங்கும் கடுங்குளிரில் ஆர்கானுக்கும் ஒரு சேர்மத்தை உண்டாக்கிவிட்டனர்.

நீங்களே கணக்கிடுங்கள்

ராலே கண்ட வேறுபாட்டை ஒரு தாளில் நீங்களே சரிபார்க்கலாம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனை நீக்கினால் எஞ்சும் 100 பங்கில் 98.8 பங்கு நைட்ரஜன், 1.2 பங்கு ஆர்கான். நைட்ரஜனின் மூலக்கூறு எடை 28, ஆர்கானுக்கு 40. கலவையின் சராசரி என்ன?

(98.8 × 28 + 1.2 × 40) ÷ 100 = 28.144

தூய நைட்ரஜனைவிட 0.144 கூடுதல். 28-இல் இது 0.5 விழுக்காடு, அதாவது இருநூறில் ஒரு பங்கு. ராலேயின் தராசு காட்டியதும் அதே இருநூறில் ஒன்றுதான்!

அந்த 962

இனி எங்கள் மாணவியின் பதிவேட்டுக்கு வருவோம். இருவருமாக அதே ஊசலை மீண்டும் தொங்கவிட்டோம். நிறுத்துக் கடிகாரத்தைச் சோதித்தோம். அது சரியாகவே ஓடியது. அலைவுகளை எண்ணிப் பார்த்தோம். அதிலும் பிழை இல்லை. பிறகு நீளத்தை எப்படி அளந்தாய் என்று கேட்டேன். நூல் முடியும் இடம்வரை அளந்ததாகச் சொன்னாள். ஊசலின் நீளம் குண்டின் மையம்வரை அளக்கப்பட வேண்டும் அல்லவா? கொக்கியும் குண்டின் ஆரமுமாக 1.6 செ.மீ. விட்டுப்போயிருந்தது. 98.4 செ.மீ. என்று அவள் எழுதியது உண்மையில் 100 செ.மீ. அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது விடை 978-ஐ ஒட்டி வந்தது.

"அப்படியும் 980 வரவில்லையே சார்" என்றாள். வரக்கூடாது! பூமி தன் அச்சில் சுழல்வதாலும், நடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதாலும் புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். நம் தமிழ்நாட்டுப் பகுதியில் அது ஏறக்குறைய 978 தான். 980 என்று எழுதிய பதிவேடுகள் நம் ஊரைப் பற்றிப் பேசவில்லை. பாடநூலைப் பற்றிப் பேசின. அந்த 24 மாணவர்களுள் எத்தனை பேருடைய நீளத்தில் அதே 1.6 செ.மீ. விட்டுப்போயிருந்தது என்பதை இனி யாராலும் அறிய முடியாது. அதற்கான சான்றை அவர்களே அழித்துவிட்டார்கள்.

பொருந்தாத எண் ஒவ்வொன்றிலும் ஒரு புதுத் தனிமம் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அதில் இருப்பது நம் கைப்பிழைதான். ஆனால் கைப்பிழையா, ஆர்கானா என்று பிரித்தறிய வேண்டுமானால் அந்த எண் தாளில் இருந்தாக வேண்டும். கேவண்டிஷ் எழுதி வைத்ததால்தான் 109 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குமிழிக்குப் பொருள் கிடைத்தது.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும்போது ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். வந்த எண்ணை மையால் எழுதுங்கள். அது பொருந்தாவிட்டால் "பொருந்தவில்லை; காரணம் தேட வேண்டும்" என்று பக்கத்தில் குறித்துவிட்டு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது அதற்கும் மதிப்பெண் உண்டு.